32-ஐக் கழித்தால் போதுமா?

ஆங்கில எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பெரிய 'ஏ' 65, சிறிய 'ஏ' 97. 'இசட்' வரை எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி இதே 32தான். இரும எண்ணில் பார்த்தால் ஒரே ஒரு பிட். 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் சிறிய எழுத்துகளே இல்லை. 1967 பதிப்பில் அவை இடம்பெற்றபோது அமைந்த இந்த ஒழுங்கு, எனக்கு இன்றும் வியப்பளிக்கும் பொறியியல் அழகு.

சி மொழி பழகும் மாணவர் முதல் வாரத்திலேயே இதைக் கண்டுபிடித்து, சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்க 32-ஐக் கழித்து ஒரு நிரல் எழுதிவிடுவார். எழுதட்டும், எழுத்து என்பது கணினிக்கு ஓர் எண் என்று இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லித்தராது. ஆனால் எல்லை பார்க்காமல் கழித்தால் '1' என்ற இலக்கம் 49-இலிருந்து 17-க்கு இறங்கி, திரையில் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாகிவிடும். ஐபிஎம் பெருங்கணினிகளின் எப்சிடிக் குறியீட்டிலோ கணக்கே வேறு: 64-ஐக் கூட்ட வேண்டும். 'டூஅப்பர்' என்ற நூலகச் செயற்கூறு இருப்பது இதற்காகத்தான். அது இருக்கும்போது, பிறர் பயன்படுத்தப்போகும் நிரலில் கைக்கணக்கு வேண்டாம்.

பான் எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு போன்றவற்றுக்கு இந்த மாற்றம் பெரிய உதவி. வங்கிப் படிவத்தில் ஒருவர் சிறிய எழுத்தில் அடித்தார் என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவை மனிதர் வகுத்த குறிகள். எந்த மொழிக்கும் உரியவை அல்ல.

மொழிக்குள் நுழைந்ததும் சிக்கல் தொடங்குகிறது. துருக்கியில் 'ஐ' இரண்டு: புள்ளி உள்ளது, இல்லாதது. புள்ளி வைத்த சிறிய எழுத்துக்குப் பெரிய எழுத்திலும் புள்ளி உண்டு. ஜாவாவில் மொழியைக் குறிப்பிடாமல் பெரிய எழுத்தாக்கினால், நிரல் ஓடும் கணினியின் மொழியமைப்பையே அது எடுத்துக்கொள்ளும். சென்னையில் சரியாக ஓடிய நிரல் இஸ்தான்புல்லில் 'இன்சர்ட்' என்ற கட்டளையையே அடையாளம் காணாது. 'லோகேல்.ரூட்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்துவிடும். அதை விட்டுவிடுவதை நான் சோம்பல் என்றே சொல்வேன்.

ஜெர்மன் மொழியின் 'எஸ்ஸெட்' ஓரெழுத்து. பெரிதாக்கினால் இரண்டு 'எஸ்' ஆகும். தெரு என்று பொருள்படும் 'ஸ்ட்ராஸெ' ஆறெழுத்திலிருந்து ஏழாகிறது. திரும்பச் சிறிதாக்கினால் பழைய சொல் வராது. 2017-இல் ஜெர்மன் எழுத்திலக்கணம் பெரிய எஸ்ஸெட்டை ஏற்ற பிறகும் யூனிகோடின் இயல்பு மாற்றம் இரண்டு 'எஸ்' தான். ஆகவே இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்க, ஒப்பிடுவதற்கென்றே உள்ள வழியைப் பயன்படுத்த வேண்டும். பைத்தானில் அது 'கேஸ்ஃபோல்ட்'. ஒருவர் தந்த பெயரை அவர் தந்தபடியே சேமிக்க வேண்டும்.

தமிழில் பெரிய எழுத்து இல்லை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. யூனிகோடுத் தமிழை இந்தச் செயற்கூறுகள் தொடுவதில்லை, உண்மை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்புகளின் கதை வேறு. அவற்றின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. 'தமிழ்' என்பது அங்கே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதைப் பெரிய எழுத்தாக்கினால் 'த' து ஆகும், 'ம' மு ஆகும், இகரக் குறி ஈகாரக் குறியாகும், 'ழ' ழு ஆகும். அதன் தலையில் புள்ளி மட்டும் அப்படியே நிற்கும். மாறியதில் எது முன்பே 'து', எது 'த'வாக இருந்தது என்று பிரித்தறிய அந்தக் கோப்பிலேயே வழி இருக்காது.