மூச்சை அளக்கிறோமா, காலை அளக்கிறோமா?

ஐஸ் ஹாக்கி வீரரின் தாக்குப்பிடிக்கும் திறனை எங்கே வைத்துச் சோதிப்பது? வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல் இளம் வீரர்களுக்கு நடத்தும் தேர்வு முகாமில் எல்லாம் உடற்பயிற்சிக் கூடத்தோடு முடிந்துவிடும்: சைக்கிள் மிதிக்க வேண்டும், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்க வேண்டும். 2014 முகாமில் சாம் பென்னட்டால் ஒருமுறைகூட இழுக்க முடியவில்லை. ஆனாலும் அந்த ஆண்டு அணிகள் புதுவீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, கால்கரி அணி அவரை நான்காவது வீரராக எடுத்தது. 2025இல் அவர் ஆடிய ஃபுளோரிடா அணி என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கே கிடைத்தது.

பனித்தளத்திலேயே சோதிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது வசதியான எடுத்துக்காட்டு. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. ஸ்கேட்டிங்கில் முழங்காலை மடக்கித் தாழ்ந்தே இருக்க வேண்டும். தொடைத்தசை இறுகியே நிற்பதால் ரத்த ஓட்டம் குறைந்து கால் சீக்கிரம் எரியத் தொடங்கும். சைக்கிளில் இந்தச் சோர்வு அப்படியே வெளிப்படாது.

பனித்தளச் சோதனைகளில் பெயர்பெற்ற ரீட் சோதனையில், இடையில் நின்று திரும்பி வரும் சுமார் 91 மீட்டர் முழுவேகப் பாய்ச்சல், 30 வினாடிக்கு ஒன்றாக ஆறு முறை. முதல் பாய்ச்சலைவிடக் கடைசிப் பாய்ச்சலுக்கு எவ்வளவு நேரம் கூடியது என்பதே சோர்வுக் கணக்கு. செலவில்லை, சிக்கலான கருவியும் வேண்டாம்.

ஓட்டைகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. விரைந்து முடிப்பவருக்கு ஓய்வு கூடுதல், பிந்துபவருக்குக் குறைவு. ஆக, இருவரும் எழுதுவது ஒரே தேர்வல்ல. முதல் பாய்ச்சலில் அடக்கி வாசிப்பவர் சோர்வுக் கணக்கில் சுலபமாக நல்ல பெயர் வாங்கிவிடலாம். அதைவிடப் பெரிய சிக்கல், நேரம் கூடியதற்கு மூச்சு காரணமா, ஸ்கேட்டிங் குறையா, பிளேடு மழுங்கியதா என்று கடிகாரம் பிரித்துச் சொல்லாது. ஐந்தாம் பாய்ச்சலில் திரும்பும் இடத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். தேர்ந்தவர் களைத்தாலும் தாழ்ந்தபடியே பிளேடைக் குறுக்கே போட்டு நின்று திரும்புவார். மற்றவர் நிமிர்ந்துவிடுவார், அகலமாக வட்டமடித்து நேரத்தைத் தொலைப்பார். அந்த இழப்பை நுரையீரல் கணக்கில் எழுத முடியுமா?

சோதனை தண்டனையாகிவிடும் அபாயமும் உண்டு. 1979 செப்டம்பரில் நார்வேயுடன் 3-3 என ஆட்டம் சமனில் முடிந்ததும், அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் ப்ரூக்ஸ் தன் வீரர்களைக் கோட்டுக்குக் கோடு விரட்டினார். அரங்க விளக்குகள் அணைந்த பிறகும் விடவில்லை. 1980 ஒலிம்பிக் தங்கத்துக்கு அந்த இரவே வித்திட்டது என்பார்கள். இருக்கலாம். ஆனால் அன்று நடந்தது வீரர்களை வழிக்குக் கொண்டுவரும் வேலை, அளவெடுப்பல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பயிற்சியாளருக்கு உண்மையான எண் கிடைக்காது. பயந்த வீரர் சக்தியைச் சேமித்துத்தான் ஓடுவார்.

எனவே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டுக் கழித்துக்கட்ட ரீட் சோதனை உதவாது. ஒரே வீரரின் பருவத் தொடக்க எண்ணையும் நடுப்பருவ எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும், அதுவும் மொத்த நேரத்தையும் சோர்வுக் கணக்கையும் சேர்த்துப் படித்தால். கூடவே சைக்கிள் சோதனையையும் வைத்துக்கொள்வது நல்லது. அதில் தேறியவர் பனியில் தளர்ந்தால் முதலில் அவருடைய ஸ்கேட்டிங்கைத் திருத்த வேண்டும். இரண்டிலும் தளர்பவரைத்தான் மூச்சுப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும்.