குளிர்த் திரவங்களும் கணனிச் சாட்சியமும்

கவிதையையோ நாவலையோ விமர்சிப்பதற்கு அளவுகோல்கள் உள. அறிவியற் கட்டுரையொன்றினை, அதன் கணிதத்தினுட் புகுந்து பிழை காணும் ஆற்றல் இல்லாதார் விமர்சிக்கலாமா என்பது கலைப்பீடத்தில் இடையிடையே எழும் வினாவாகும். கணிதத்தைச் சரிபார்ப்பது ஒன்று; ஒரு கட்டுரை எதனைச் சான்றாகக் கொண்டு எதனை நிறுவிவிட்டதாகக் கூறுகிறது என நோக்குவது வேறொன்று. பின்னையது, எழுத்தைக் கூர்ந்து வாசிக்கும் எவர்க்கும் உரிய பணியே. மிகக் குளிர்ந்த திரவங்களில் ஆவிக்குமிழிகள் தோன்றி மறைவதைக் கணனியில் உருவகித்துக் காட்டும் ஆய்வுகள் இத்தகைய வாசிப்பை வேண்டி நிற்கின்றன.

ஓடும் திரவத்தின் அமுக்கம் அதன் ஆவியமுக்கத்துக்குக் கீழே இறங்குமிடத்து, சூடேற்றப்படாமலே திரவம் குமிழிகளாகப் பிளவுறும். அமுக்கம் மீள உயருமிடத்து அக்குமிழிகள் நொறுங்கி, அருகிலுள்ள உலோகத்தை அரிக்கும். 1890களிற் பார்சன்ஸ் தமது ‘ரேர்பீனியா’ கப்பலின் சுழல்விசிறிகளில் எதிர்கொண்ட இடர் இதுவே. நொறுங்கும் குமிழியின் அமுக்கத்தை றேலிப் பிரபு 1917 இற் கணித்தார். இவ்வரலாறு முழுவதும் நீரின் வரலாறு என்பது மனங்கொள்ளத்தக்கது.

குளிர்த் திரவங்களின் இயல்பு வேறு. ஆவியாதற்கு வேண்டிய வெப்பத்தைக் குமிழி தன்னைச் சூழ்ந்த திரவத்திலிருந்தே பெறுகிறது. எனவே அத்திரவம் குளிர்கிறது. 20 பாகை செல்சியசில் உள்ள நீரில் ஒரு கன அளவு திரவத்துக்குச் சம கன அளவு ஆவி தோன்றுமாயின், வெப்பநிலை ஏறத்தாழ 0.01 பாகையே இறங்கும், அதனைப் புறக்கணித்துவிடலாம். 20 கெல்வினை அண்டிய திரவ ஐதரசனிலோ இவ்விறக்கம் 0.9 கெல்வினை எட்டும். அந்த வெப்பநிலையில் ஒரு கெல்வின் குறைந்தாலே ஐதரசனின் ஆவியமுக்கம் நாலிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்துவிடும். அதாவது குமிழி வளரும்பொழுதே தன் வளர்ச்சிக்குத் தடையையும் உண்டாக்கிக்கொள்கிறது. நீரில் திரவத்தின் அடர்த்தி ஆவியின் அடர்த்தியைப் போல ஐம்பதினாயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. ஐதரசனில் அது ஏறத்தாழ 53 மடங்கே. நீரிலிருந்து பெற்ற அனுபவத்தை அப்படியே இங்குப் பெயர்த்து நடவியலாமைக்கு இவ்வெண்களே போதிய காரணமாகும்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் பிரச்சினையன்று. 1999 நவம்பர் 15 இல் யப்பானின் எச்-2 றொக்கற் ஏவப்பட்டு ஏறத்தாழ 4 நிமிடத்தில் அதன் முதற்கட்ட எந்திரம் நின்றது. றொக்கற்றும், அது சுமந்து சென்ற செய்மதியும் இழக்கப்பட்டன. ஏறத்தாழ 3000 மீற்றர் ஆழக் கடலடியிலிருந்து எந்திரம் மீட்கப்பட்டது. திரவ ஐதரசனை உறிஞ்சும் பம்பியின் முகப்பிலிருந்த சுழலலகொன்று களைப்புற்று முறிந்தமை தெரியவந்தது. அலகோடு அலகாகச் சுற்றிவரும் ஆவிக்குழிவு உண்டாக்கிய அதிர்வுக்கு அம்முறிவிற் பங்குண்டெனக் கண்டனர்.

ஐதரசனில் நேரடிப் பரிசோதனை செலவு மிக்கது, ஆபத்தும் மிக்கது. ஆதலாற் கணனியின் உதவியை நாடுவதில் எவரும் குறை காணார். வினா அதன் உள்ளமைப்பைப் பற்றியது. பெரிதும் வழங்கும் மாதிரிகள் பலவற்றில் திணிவு, உந்தம், சத்தி ஆகியவற்றின் காப்புச் சமன்பாடுகள் உறுதியானவை. ஆனால் திரவம் எவ்வளவு விரைவாக ஆவியாகும் என்பதைக் கூறும் உறுப்பு, றேலியின் சமன்பாட்டைச் சுருக்கி, அமுக்க வேறுபாட்டின் வர்க்கமூலமாக எழுதப்பட்டது. வெப்பம் வந்து சேரும் வேகமே குமிழியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துமிடத்து இவ்விதி பொருந்தாதென்பதை 1954 இற் பிளெசெற்றும் சுவிக்கும் காட்டிய வெப்பவழி வளர்ச்சி விதியிலிருந்தே உணரலாம். குளிர்த் திரவம் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிற்கிறது. முரண்பாடு எவ்வாறு தீர்க்கப்படுகிறது? மாறிலிகளைத் திருத்துவதன் மூலம். 2004 இல் வெளியான சுவாட் குழுவினரின் மாதிரியில் ஆவியாதலுக்கு 50, ஒடுங்குதலுக்கு 0.01 என இரு எண்கள் வருகின்றன. இரண்டுக்கும் இடையே ஐயாயிரம் மடங்கு வேறுபாடு! இவை பௌதிக விதியிலிருந்து பிறந்தவையல்ல. பொருத்திப் பார்த்துப் பெறப்பட்டவை. குளிர்த் திரவங்களுக்கெனத் தாம் மாறிலிகளை மாற்றியமைத்தமையை உத்தூர்க்கர், ஷை முதலியோர் 2005 இல் வெளிப்படையாகவே எழுதினர். அந்நேர்மை பாராட்டத்தக்கது, எல்லாரிடத்தும் அது இல்லை.

எதனோடு பொருத்தினர் என்பது அடுத்த வினா. 1970களின் தொடக்கத்தில் நாசாவுக்காக ஹோட் என்பார் திரவ நைதரசனிலும் ஐதரசனிலும் நடத்திய பரிசோதனைகளே இத்துறையிற் பலரும் நாடும் உரைகல். நீர்ச்சிறகு போன்ற எளிய வடிவங்களின் மேற்பரப்பில் ஒரு சில இடங்களில் அளந்த சராசரி அமுக்கமும் வெப்பநிலையும் அவற்றிற் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு மாறிலியைத் திருத்திவிட்டு, அதே அளவீடுகளோடு ஒப்பிட்டு, முடிவு நன்கு பொருந்துகிறது என எழுதுமிடத்து அப்பொருத்தம் எதற்குச் சாட்சி? வினாத்தாளை முன்னரே பெற்றவன் எடுத்த புள்ளியை அது நினைவூட்டுகிறது. திருத்தத்துக்கு எடுத்த அளவீடுகள் வேறு, சோதனைக்கு எடுத்தவை வேறு எனப் பிரித்துக் காட்டும் கட்டுரைகளுக்கு இக்கண்டனம் பொருந்தாதென்பதையும் கூறவேண்டும். ஆயினும் மற்றொரு குறை அவற்றுக்கும் உண்டு. பொருத்தம் காட்டப்படுவது சராசரிகளில். அலகை முறித்ததோ சராசரியன்று, அதிர்வு. சராசரி சரியாயிருந்து அதிர்வு முற்றிலும் பிழையாயிருத்தல் கூடும்.

எண்சார் மாதிரிகளை உண்மையென நிறுவுதல் இயலாதென ஒறெஸ்கெசும் இருவரும் 1994 இற் புவியியல் விஞ்ஞானங்களை முன்வைத்து வாதிட்டனர். அவ்வாதத்தை இங்கு முழுதாக ஏற்க வேண்டியதில்லை. குளிர்த் திரவ மாதிரிகள் வெப்பநிலை இறக்கத்தை, ஆவிக்குழிவு சுருங்குதலை, நீரிலிருந்து அது வேறுபடும் போக்கைக் காட்டத்தான் செய்கின்றன. எந்த வடிவம் எந்த வடிவத்தினும் மேலானது எனத் தெரிவு செய்ய இது பெரிதும் உதவும். கண்டனத்துக்குரியது ‘உறுதிசெய்யப்பட்டது’ என்ற சொல் பயிலும் எளிமையே. நைதரசனிற் பொருத்திய எண்களை மாற்றாமல் ஐதரசனுக்கு இட்டு, கோடு புள்ளிகளை விட்டு விலகும் இடங்களையும் வரைபில் மறையாது விட்டுவைக்கும் கட்டுரை, எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் கோட்டைக் காட்டும் கட்டுரையிலும் பம்பி அமைப்பவனுக்குக் கூடிய செய்தியைத் தரும். விலகல் எவ்வளவு என்பதையே அவன் அறிய வேண்டியுள்ளது.