காரில் போன காவேரி

சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி, காவேரி' 1971-இல் வெளிவந்தது. மன்னார்புரத்திலிருந்து விடுமுறை தோறும் ஆற்றோரம் திரிகிறவன் நான். எனக்கு அதன்மேல் ஒரு குறை இருந்தது. ஆற்றைப் பெரும்பாலும் காரில் போயா பார்ப்பது? பரிசலில் உட்கார்ந்தவனுக்கல்லவா நீரின் இழுப்புத் தெரியும்!

ஒரு கோடையில் முசிறிக்குப் போனேன். எதிர்க்கரையில் குளித்தலை, நடுவே மணல். பரிசல் எங்கே மிதக்கும்? 1934-இல் மேட்டூர் அணை வந்தபின் இங்கே காவேரி பெரும்பாலும் திறந்துவிட்டால்தான் ஓடுகிறாள்.

நூலின் நியாயம் அங்கேதான் புரிந்தது. அவர்கள் தேடியது நீரை மட்டுமல்ல, கரையூர்களையும் மனிதர்களையுந்தான். அவற்றைப் பார்க்க வண்டியை நிறுத்தி இறங்கத்தான் வேண்டும். காவேரி வறண்ட மாதங்களில் படிக்க இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியவில்லை.