ஔவையாக வாழ்ந்த நடிகர்: தி. க. சண்முகத்தின் மேடைக்கலை

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்த நம் முன்னோர், மூன்றனுள் நாடகத்தை இறுதியில் வைத்தனர். மற்ற இரண்டும் அதனுள் அடங்கும் என்பது அதன் பெருமை. ஆயின் மூன்றனுள் விரைவில் அழிவதும் அதுவே. புலவன் ஏட்டை விட்டுச் செல்கிறான். பாடகன் இந்நாளில் இசைத்தட்டை விட்டுச் செல்கிறான். மேடை நடிகனோ படுதா விழுந்ததும் தன் கலையையும் உடன்கொண்டு போய்விடுகிறான். பார்த்தவர் நெஞ்சில் அது தங்கும். பார்த்தவரும் மறைந்தபின் எதில் தங்கும்? தமிழ் மேடையின் பெருநடிகர் ஒருவரை மதிப்பிடப் புகும் நாம், இவ்வினாவை முன்வைத்தே தொடங்க வேண்டியிருக்கிறது. அவர், 'ஔவை' என்னும் அடைமொழியால் நாடறிந்த தி. க. சண்முகம். 1912 முதல் 1973 வரை வாழ்ந்தவர். அவ்வாழ்வில் ஆறாம் வயதுக்குப் பிற்பட்டதெல்லாம் நாடகமே.

பன்முகத் திறன் என்பது யாது?

நடிகர் ஒருவரைப் 'பன்முக நடிகர்' எனப் புகழும்போது நாம் பெரும்பாலும் வேடங்களை எண்ணுகிறோம். ஆங்கில நாட்டு லாரன்ஸ் ஒலிவியர் 1945இல் லண்டனில், ஒரே மாலையில் கிரேக்கத் துன்பியல் நாயகனான ஈடிபஸாகவும், அடுத்து ஓர் அங்கத நாடகத்தின் நகைச்சுவைப் பாத்திரமாகவும் தோன்றினார். அந்நாட்டவரே ஆன அலெக் கின்னஸ் 1949இல் வெளிவந்த திரைப்படமொன்றில் ஒரே குடும்பத்தினர் எண்மராக நடித்தார். நம் சிவாஜி கணேசன் 1964இல் 'நவராத்திரி' படத்தில் ஒன்பது வேடம் புனைந்தார். அதனை இயக்கிய ஏ. பி. நாகராஜன், சண்முகத்தின் நாடக சபையில் நடித்து வளர்ந்தவர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார்.

இவையெல்லாம் வியக்கத்தக்கனவே. எனினும், எண்ணிக்கை திறனுக்குச் சான்றாகுமே தவிர அளவுகோலாகாது. தலைப்பாகையை மாற்றினால் வேடம் மாறும், ஆள் மாறுவானா? சண்முகத்தின் சிறப்பு வேறு வகையானது. தமிழ் நாடகமே அவர் வாழ்நாளில் பலமுறை உருமாறிற்று. அம்மாற்றம் ஒவ்வொன்றையும் தம் உடலாலும் குரலாலும் ஏற்று, ஒன்றிலும் பின்தங்காது நின்றவர் அவர். இதையே நாம் அவருடைய பன்முகத் திறன் என்கிறோம்.

பாலர் சபையில் பயின்ற பாடம்

1918ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவனாக, சண்முகம் தம் தமையன்மாருடன் மதுரையில் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தார். சுவாமிகள் தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் எனப் போற்றப்படுபவர். இளமையில் எமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களில் அவர் தோன்றியபோது பெண்டிர் அஞ்சி அதிர்ச்சியுற்றனர் என்றும், அதனால் மனம் நொந்து நடிப்பையே துறந்து ஆசிரியரானார் என்றும் வழிவழிச் செய்தி ஒன்று உண்டு. அச்சம் விளைவித்த ஆசிரியரின் மாணவர், பின்னாளில் பாட்டியாகத் தோன்றி மக்கள் அன்பைக் கவர்ந்தது காலத்தின் விந்தை.

சுவாமிகள் சிறுவன் சண்முகத்திற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஓர் இரவில் எழுதி முடித்தார். நடிகனுக்குக் கிட்டும் பேறுகளுள் இதனினும் பெரிது ஒன்றில்லை. ஆயின் அப்பேற்றினுள்ளே ஓர் இடரும் இருந்தது. பாலர் சபைகளில் புகழ் பெற்ற சிறுவர்க்கெல்லாம் 'மகரக்கட்டு' என்னும் கண்டம் காத்திருந்தது. பருவம் எய்துகையில் குரல் உடையும். நேற்றுவரை 'ஒன்ஸ்மோர்' கேட்டவர்கள் இன்று முகஞ்சுளிப்பர். பாட்டே நாடகமாயிருந்த அக்காலத்தில், குரல் போனால் வாழ்வும் போயிற்று. எத்தனையோ பாலநடிகர் பெயர் தெரியாது மறைந்தது இதனால்தான்.

சுவாமிகள் 1922இல் மறைந்தார். 1925இல் சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகிய நான்கு உடன்பிறந்தாரும் தமக்கெனச் சபை ஒன்று கண்டனர். அதன் பெயர் 'மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபா'. மும்பைத் தமிழராகிய நமக்கு இப்பெயர் காதில் விழுந்ததும் மாதுங்காவை அடுத்து, கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தின் அருகே நிற்கும் நம் சண்முகானந்தா அரங்கு நினைவில் எழும். அது 1952இல் தோன்றிய சபையின் அரங்கு, இப்பெயரொற்றுமை தற்செயலானதே. எனினும் அந்த அரங்கினுள் அமரும்போதெல்லாம் அந்நான்கு சிறுவரின் நினைவும் உடன் வந்து அமர்வதில் தவறில்லை.

பாட்டிலிருந்து பேச்சுக்கு

அடுத்து வந்த மாறுதலே பெரிது. எம். கந்தசாமி முதலியார் அச்சபையின் ஆசிரியராக வந்தார். ஜே. ஆர். ரங்கராஜுவின் 'இராஜாம்பாள்', 'சந்திரகாந்தா', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' ஆகிய நாவல்கள் மேடையேறின. புராண வீரர் நின்ற இடத்தில் வக்கீலும் குமாஸ்தாவும் வந்து நின்றனர். ஆர்மோனியத்துக்கு இசைய நின்று பாடிய நடிகன் இப்போது நாற்காலியில் அமர்ந்து பேச வேண்டும். காப்பி அருந்த வேண்டும். கைகளை என்ன செய்வதென்று அறிய வேண்டும். பாடிப் பழகியவனுக்குப் பேசுவது எளிதென்று எண்ணற்க. பாட்டிற்குத் தாளம் துணை. பேச்சிற்கு அகத்தின் அசைவொன்றே துணை. மகரக்கட்டில் பாலநடிகர் பலர் வீழ்ந்தனர் என்றால், இந்தத் திருப்பத்தில் இசைநடிகர் பலர் வீழ்ந்தனர். சண்முகம் இரண்டிலும் வீழ்ந்திலர்.

பின்னர் விடுதலை உணர்வு மேடைக்கு வந்தது. கு. சா. கிருஷ்ணமூர்த்தியின் 'அந்தமான் கைதி'யை இச்சபை நடித்தது. 1955இல் அரு. இராமநாதனின் 'இராஜராஜ சோழன்' மேடையேறிற்று. 1973இல் அது திரைப்படமாக வந்தபோது சண்முகம் உலகில் இல்லை. அவ்வாண்டு பிப்ரவரித் திங்களில்தான் மறைந்திருந்தார்.

ஔவை

எனினும் அவர் பெயரோடு ஒட்டி நின்றது ஒரே வேடம். 1942இல் 'ஔவையார்' மேடையேறியபோது சண்முகத்திற்கு வயது முப்பது. ஆண்மை முதிரும் பருவத்தில், நாயக வேடம் தாங்க எல்லா உரிமையும் உடைய ஒருவர், கூனிய முதுமகளாகத் தோன்றத் துணிந்தார்.

இத்துணிவின் அளவை அறிய நாம் வாழும் மராட்டிய மண்ணையே உவமையாகக் கொள்ளலாம். இங்கு பால கந்தர்வர் என ஒருவர் இருந்தார். 1888 முதல் 1967 வரை வாழ்ந்த பெருங்கலைஞர். அவர் மேடையில் உடுத்திய சேலையையும் சூடிய பூவையும் கண்டு குலமகளிர் தாமும் அவ்வாறே ஒப்பனை செய்துகொண்டனர் என்பர். 1919இல் வந்த 'ஏகச் பியாலா' நாடகத்தில் குடிகாரனின் மனைவி சிந்துவாக அவர் தோன்றியதை மராட்டியர் இன்றும் பேசுவர். பெண்மையின் எழிலை ஆணுடலில் காட்டியது அவர் வெற்றி. சண்முகம் மேற்கொண்ட பணி இதனின் வேறுபட்டது. ஔவைக்கு எழில் இல்லை, காதல் இல்லை, பட்டாடை இல்லை. நடிகன் மறைந்துகொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. நரையும் கோலும் நீறும் மட்டுமே உண்டு. மூப்பைத் தளர்ச்சியாகக் காட்டினால் இரக்கம் தோன்றும். ஔவைக்கு வேண்டியது இரக்கமன்று. மன்னனையும் மாடு மேய்க்கும் சிறுவனையும் ஒரே தொனியில் விளிக்கும் உரிமையே ஔவை. உடல் தளர்ந்திருக்க, சொல் நிமிர்ந்திருக்க வேண்டும். இம்முரணே அவ்வேடத்தின் உயிர்.

இரண்டு ஒப்பீடுகள் இதனை மேலும் விளக்கும். 1953இல் வாசன் எடுத்த 'ஔவையார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாக நடித்தார். அவரது வெண்கலக் குரலே அங்கு ஔவை; பாடல் எழும்போது பாத்திரம் எழுகிறது. சண்முகத்தின் ஔவையோ நடிப்பினால் எழுந்தது. மற்றொன்று நம் பிள்ளைகள் அறிந்தது. சண்முகத்தின் குழுவில் இளமையில் பயின்ற கமல்ஹாசன், 1996இல் வந்த தம் படத்திற்கு 'ஔவை சண்முகி' எனப் பெயரிட்டார். ஆசானுக்குச் செய்த அழகிய வணக்கம் அது. ஆயினும் இரண்டும் எதிரெதிரான கலைகள். படத்தில், மாமியினுள்ளே ஆண் இருக்கிறான் என்பதை நாம் ஒருகணமும் மறத்தலாகாது. மறந்தால் நகைச்சுவை கெடும். நாடகத்தில், உள்ளே ஆண் இருப்பதை ஒருகணமும் நினைத்தலாகாது. நினைத்தால் ஔவை கெடுவாள். ஒன்று மாறுவேடம், மற்றது வேடம். இவ்வேறுபாட்டை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தால், நடிப்பைப் பற்றிய பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

குறைகளையும் கூறுவோம்

திறனாய்வு என்பது மாலை சூட்டுதல் மட்டுமன்று. இம்மரபின் குறைகளையும் நாம் மறைத்தலாகாது. பாலர் சபை என்பது கலைக்கூடமாயினும், பெற்றோரைப் பிரிந்த சிறுவர் இரவெல்லாம் விழித்து உழைத்த இடமும் ஆகும். அக்கண்டிப்பில் வளர்ந்த கலையை நாம் துய்க்கும்போது அச்சிறுவரின் உறக்கத்தையும் எண்ணுதல் வேண்டும். ஆடவர் பெண்வேடம் புனைந்த மரபு பெண்டிர்க்குரிய இடத்தை நெடுங்காலம் குறுக்கிற்று என்பதும் உண்மை. நாடகங்களோ, அறத்தை நிலைநாட்டும் ஆர்வத்தில், ஐயத்திற்கும் மனத்தடுமாற்றத்திற்கும் இடம் குறைத்தன. நல்லவர் நல்லவராகவே புகுந்து நல்லவராகவே வெளியேறினர். ஈடிபஸ் போன்றதொரு பாத்திரம் நம் மேடையில் எழுதப்பட்டு, சண்முகத்தின் கையில் கிடைத்திருந்தால் அவர் ஆற்றலின் மற்றொரு பக்கத்தைக் கண்டிருப்போம். இது நடிகரின் குறையன்று. நாடக ஆசிரியர்களின் கடன். அக்கடன் இன்னும் தீரவில்லை.

மேடையே பள்ளி

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். நடிகன் எதில் தங்குகிறான்? சென்னையில் ஒரு சாலைக்கு ஔவை சண்முகம் பெயர் உண்டு. அதனினும் மேலானது 1972இல் வெளிவந்த அவருடைய 'எனது நாடக வாழ்க்கை'. ஆறு வயதில் நாடகத்துக்கு வந்தவருக்குப் பள்ளிப் படிப்பு ஏது? எனினும் அந்நூல் தெளிந்த தமிழில் நடக்கிறது. கடனையும் நட்டத்தையும் ஒளிக்கவில்லை, என். எஸ். கிருஷ்ணன் முதலிய உடன் நடித்தோரின் பெருமையைக் குறைக்கவில்லை. 1944இல் ஈரோட்டில் நாடகக்கலை மாநாடு கூட்டும் அளவுக்குச் சிந்தனையும் செயலும் அவரிடம் வளர்ந்திருந்தன. இத்தமிழை அவருக்குக் கற்பித்தது யார்? சுவாமிகளின் பாடல்களும், நாள்தோறும் செய்த ஒத்திகையுமே. மேடை அவருக்குப் பள்ளியாயிற்று.

இங்கேதான் இப்பொருள் நம்மைத் தொடுகிறது. அண்மையில் செம்பூரில் நடந்த ஓர் ஆண்டுவிழாவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஔவையாக வந்தாள். வெள்ளைச் சேலை, நெற்றியில் நீறு, கையில் மூங்கிற்கழி. அரங்கின் பின்புறம் அவள் கையிலிருந்த தாளைக் கண்டோம். வசனம் முழுவதும் தேவநாகரி எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. முதலில் நமக்கு வருத்தமே தோன்றிற்று. மேடையில் 'பழம்' என்று சொல்லும் இடத்தில் அவள் தடுமாறினாள். முன்வரிசையில், தாராவியிலிருந்து வந்திருந்த அவள் பாட்டி, தன்னையறியாமல் உரக்கத் திருத்திச் சொன்னார். அவை சிரித்தது. சிறுமி நின்றாள், பாட்டியைப் பார்த்தாள், மறுமுறை சரியாகச் சொன்னாள். அக்கணத்தில் அவள் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. கூனிய உடலும் நிமிர்ந்த சொல்லும்! எந்த ஒப்பனையும் தாராத ஔவை ஒருகணம் அங்கு வந்து போனாள்.

வருத்தம் நம்மைவிட்டு நீங்கிற்று. சண்முகமும் எழுத்தறிவை முடித்துக்கொண்டு மேடைக்கு வந்தவரல்லர். மேடைக்கு வந்ததனால் எழுத்தையும் எய்தியவர். நம் பிள்ளைகட்கும் அவ்வழி அடைபடவில்லை. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் சங்கங்கள் ஆண்டுக்கொரு நாடகமேனும் தமிழில் போடட்டும். ஒத்திகையை மூன்று நாளில் முடிக்காமல் மூன்று திங்கள் நடத்தட்டும். முதல் திங்களின் முடிவில் தேவநாகரித் தாளை வாங்கிக்கொண்டு தமிழ்த் தாளைக் கொடுக்கட்டும். திருத்திச் சொல்லப் பாட்டிமார் முன்வரிசையில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.