வடுவில்லாக் கொடுமை

கண்ணகியைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு கண்ணகியரையே காட்டுவர். ஒருத்தி புகாரில் பொறுமையே வடிவாய் இருந்தவள். மற்றொருத்தி மதுரையில் நீதி கேட்டு வெகுண்டவள். இவ்விருவருக்கும் இடையே மூன்றாமவள் ஒருத்தியையும் இளங்கோவடிகள் படைத்திருக்கிறார். கொலைக்களக் காதையில் சில அடிகளே பேசும் அவளை நாம் போதிய அளவு கவனித்தோமில்லை.

மாதரி அளித்த மனையில் கணவனுக்கு உணவு படைத்தபின் அவள் வாய் திறக்கிறாள். கணவன் பிரிந்திருந்த நாள்களில் மாமனும் மாமியும் தன்னைக் காண வந்ததையும், துயரை மறைக்கத் தான் சிரித்த பொய்ச் சிரிப்பைக் கண்டு அவர்கள் உள்ளம் நொந்ததையும் சொல்கிறாள். கணவனின் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதையும் மறையாது உரைக்கிறாள்.

கோவலன் மனைவியை அடித்தான் என்று காப்பியத்தில் ஓரிடத்தும் இல்லை. ஆயினும் அவளைத் தனிமையில் விட்டான். குலத்துப் பெருஞ்செல்வத்தைத் தொலைத்தான். அவன் வீடு திரும்பியபோது, மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வருந்துகிறான் போலும் என்று எண்ணித் தன் சிலம்பைத் தர முன்வருகிறாள் கண்ணகி. இதைக் கற்பின் பெருமை என்று பாராட்டுவர். கணவன் வந்தால் பொருள் கேட்கவே வருவான் என்று ஒரு பெண்ணை எண்ண வைத்த வாழ்வு எத்தகையது என்று கேட்பார் இலர்.

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'சாபவிமோசனம்' வேறொரு கொடுமையைக் காட்டுகிறது. இராமன் கேட்டதனால் தீக்குளித்ததைச் சீதை வாயிலாகவே அறியும் அகலிகை, அதன் பாரம் தாங்காது இறுதியில் மீண்டும் கல்லாகிறாள். அங்கும் கை ஓங்கியவர் எவருமிலர். ஐயம் ஒன்றே கொன்றது.

இன்றைய சட்டத்தால் அன்றைய கோவலனைக் கூண்டிலேற்றலாமா என வினவுவோர் உண்டு. அஃது என் நோக்கமன்று. அவன் தன் பிழையுணர்ந்து வருந்தியதையும் காப்பியமே கூறுகிறது. இலக்கியம் நுண்மையாகக் கண்டதைச் சட்டம் பின்னர் பெயரிட்டு வகுத்தது என்பதே என் கருத்து. 2005-இல் இயற்றப்பெற்று 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கொடுமையை நான்காகப் பிரிக்கிறது: உடலை வருத்துதல், பாலியல் வன்கொடுமை, சொல்லாலும் மனத்தாலும் துன்புறுத்தல், பொருள்வழி ஒடுக்குதல். செலவுக்குப் பணம் தர மறுப்பதும், சீதனத்தைப் பறிப்பதும், ஓயாது இழித்துரைப்பதும் அதில் அடங்கும்.

பிறந்தகத்தை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. கண்ணகிக்கேனும் பொய்ச் சிரிப்பை இனங்கண்ட மாமனும் மாமியும் அருகிலிருந்தனர். நம் குடியிருப்புகளில், மொழியறியா ஊரில், கணவன் ஒருவனையே அறிந்து வாழும் பெண்ணின் சிரிப்பை யார் கண்டறிவார்? ஊருக்குப் பேசும்போதெல்லாம் அவள் சொல்லும் 'நலம்' என்ற சொல்லும் அத்தகைய சிரிப்பாக இருக்கக்கூடும்.

கொடுமை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவிப்பவர்மீது வழக்கு வாராது என்றும் அச்சட்டம் உறுதி தருகிறது. எனவே, அடுத்த பட்டிமன்றத்தில் கண்ணகியின் பொறுமையைப் புகழுமுன், அவள் ஏன் அவ்வாறு சிரித்தாள் என்று கேட்போம். அவ்வினாவுக்கு விடை தேடுவோர், அண்டை வீட்டுச் சிரிப்பையும் சற்று உற்று நோக்குவர்.