குறிப்பிடத்தக்கமை

இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் ஒருவரைப் பற்றிய கட்டுரை இடம்பெறுதற்கு வேண்டும் தகுதியைத் தமிழில் ‘குறிப்பிடத்தக்கமை’ என்பர். இச்சொல்லும், இதன் பெயரால் வழங்கும் விதியும் பொருளால் ஒத்துச் செல்கின்றனவா என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

தக்கமை ஒருவர்பால் உள்ள பண்பு. விதியோ, அவரோடு தொடர்பில்லாத பிறர் நம்பத்தக்க நூல்களிலோ இதழ்களிலோ அவரைப் பற்றி விரித்து எழுதியுள்ளனரா என்றே வினவுகின்றது. எனவே ஆங்கு அளக்கப்படுவது தக்கமை அன்று, குறிக்கப்பட்டமையே. இவ்விரண்டும் வேறுபட்டு நின்றமைக்கு ஒரு சான்று காட்டுவாம்.

கனடா நாட்டு இயற்பியலறிஞர் டோனா ஸ்டிரிக்லண்ட் அம்மையார், தம் ஆசிரியர் ஜெரார் மூரூவுடன் 1985-இல் வெளியிட்ட லேசர் ஆய்வுக்காக, 2018 அக்டோபர் 2-ஆம் நாள் நோபெல் பரிசுக்குரியவராக அறிவிக்கப்பெற்றார். அப்பொழுது ஆங்கில விக்கிப்பீடியாவில் மூரூவுக்குக் கட்டுரை இருந்தது, அம்மையாருக்கு இல்லை. அவ்வாண்டு மே திங்களில்தான், அவரைப் பற்றிய வரைவொன்று சான்று போதாதென மறுக்கப்பட்டிருந்தது. பரிசுச் செய்தி வந்த அன்றே கட்டுரை எழுந்தது. ஆய்வுக்கு அகவையோ 33.

இதுகொண்டு விதி முழுவதும் குற்றமுடைத்தெனல் பொருந்தாது. கல்வியாளர்க்கென அமைந்த தனி விதி, பெரியதோர் ஆய்வுக் கழகத்தின் தலைமையையே போதிய தகுதியாகக் கொள்ளும். அம்மையார் 2013-இல் அமெரிக்க ஒளியியல் கழகத்தின் தலைவராக இருந்தவர். விதி இடந்தந்தது, கையாண்டவர் கண் அதன்பாற் செல்லவில்லை.

நம் மரபில் இதனோடு ஒப்பிடற்குரியது சிறப்புப்பாயிரம். நூலாசிரியர் தம் நூலுக்குத் தாமே அதனை உரைத்தலாகாது என்ற நன்னூலார், ஆசிரியர், உடன் கற்றார், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரை அதற்குரியராக வகுத்தார். தற்புகழ்ச்சியை விலக்குவதில் இரு நெறியும் ஒன்றே. அதற்கு அப்பால் நேர் எதிர். நன்னூலார் அருகிருந்து அறிந்தாரை நாடுகின்றார். விக்கிப்பீடியா அவரையே சார்புடையார் என்று ஒதுக்குகின்றது. அவ்வாறு ஒதுக்குதல் பிழையெனக் கூறமாட்டோம். (மணிவிழா மலர்கள் சிலவற்றைப் புரட்டியோர் எம்மோடு உடன்படுவர்.) ஆயின் அருகிருந்தார் ஒன்றும் எழுதாவிடின், தொலைவிலிருப்பார் எதனைக் கொண்டு எழுதுவர்?

ஊர்தோறும் பாடஞ் சொல்லி வாழ்ந்த புலவர் பலருடைய வரலாறு அவர்தம் மாணாக்கர் நினைவில் மட்டுமே உளது. அஃது ஆராயப்பட்டு அச்சேறும்வரை, தொகுப்பாளர் எத்துணை நடுநிலையுடையராயினும் அவர்க்கு இடந்தருதல் அரிது. அவ்வாறு ஆராய்ந்து அச்சேற்றும் கடமை விக்கிப்பீடியா தொகுப்பார்க்கு உரியதன்று. இத்தகைய இதழ்களில் எழுதும் எமக்கே உரியது.