பெயரால் வந்த புனிதம்

மலாய் மக்களின் மருத்துவம் குறித்து ஆங்கிலேயர் யாத்த நூல்களுள், 1900-இல் வெளிவந்த ஸ்கீட்டின் ‘மலாய் மேஜிக்’கும், மலாய் நஞ்சுகளையும் மந்திர சிகிச்சைகளையும் பற்றிக் கிம்லெட் 1915-இல் வெளியிட்ட நூலும் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றைப் பயிலுந்தோறும் ஒரு குறை நமக்குப் புலப்படும். போமோ எனப்படும் மந்திர வைத்தியன் ஓதும் சொல்லுக்குத் தந்த இடத்தை, பெண்கள் தமக்குள் வழங்கிவந்த கைம்மருந்துக்கு அவை தரவில்லை. அம்மருந்தை அருந்தியவள் அதைப்பற்றி என்ன கருதினாள் என்பதற்கோ இடம் இல்லையென்றே சொல்லலாம். இக்குறையைப் பெரிதும் நீக்கியவர் கரோல் லேடர்மன் என்னும் அமெரிக்க அம்மையார். திரங்கானு மாநிலத்துச் சிற்றூரில் தங்கி ஆராய்ந்து, மனைவியரையும் மருத்துவச்சியரையும் பற்றி அவர் எழுதிய நூல் 1983-இல் வந்தது. மலாய்ப் பெண்டிர் பத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பவர் அல்லர். சிறிது உண்டு பார்த்து, உடலுக்கு ஒத்ததைக் கொண்டு ஒவ்வாததை விலக்குவர் என அந்நூல் காட்டுகிறது.

இத்துணை நுண்மையுடையோரும் ஓரிடத்தில் சோதனையைக் கைவிடுகின்றனர் என்பது நம் கருத்து. அவ்விடம் மூலிகையின் பெயர்.

‘ரும்புட் ஃபாத்திமா’ என மலாயில் வழங்குவது அரபுப் பாலையில் முளைக்கும் ஒரு சிறு செடி. காய்ந்தால் மூடிய கைபோற் சுருளும், நீரிலிட்டால் விரியும். அரபிகள் இதனைக் ‘கஃப்பு மர்யம்’, அதாவது மர்யமின் உள்ளங்கை என்பர். ஹாஜிகள் கொண்டுவந்த இச்செடி கடல் கடந்ததும், மர்யம் (அலை) அவர்களின் பெயர் நீங்கி ஃபாத்திமா (ரலி) அவர்களின் பெயர் ஏறிற்று. இவ்வாறு ஊருக்கு ஊர் மாறும் பெயர் மக்கள் இட்டதேயன்றி மார்க்கம் தந்த சான்றன்று. செடி விரிவதுபோற் கருவறையும் விரியும் என நம்பிப் பேற்று வேளையில் அந்நீரைப் பருகுகின்றனர். உவமை அழகியதே, ஆயின் உவமை மருந்தாகாது. மருத்துவமனையில் வலியெழுப்பும் மருந்து ஏற்றப்படுகையில் இதனையும் குடித்தால் கருப்பை மிகையாகச் சுருங்குமோ, உதிரப்போக்கு மிகுமோ என மருத்துவர் அஞ்சுகின்றனர். திருப்பெயர் தாங்கிய நீரைக் குடித்ததை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றாமற் போவதுதான் இதிலுள்ள இடர்.

‘காச்சிப் ஃபாத்திமா’ முற்றிலும் வேறு. மலாய் நாட்டு மழைக்காட்டு நிழலில் வளரும் குறுஞ்செடி அது. காச்சிப் என்றால் பாக்குவெட்டி. பேற்றை எளிதாக்கவும் பின்னர்க் கருப்பையைத் தேற்றவும் இதனைக் காய்ச்சிக் குடிப்பர். பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றென மயங்குவோர் உளர்.

பேற்றுக்குப்பின் 44 நாள் ‘பந்தாங்’ காப்பதும் அவ்வாறே. சூடேற்றிய கல்லால் ஒத்தடம், வயிற்றுக்குத் துணிக்கட்டு, வேளைதோறும் ஜாமு. மலாய் மக்கள் சார்ந்த ஷாஃபிஈ மத்ஹபில் நிஃபாஸின் உச்ச அளவு 60 நாள், பெரும்பான்மை 40. 44 என்பது ஃபிக்ஹின் கணக்கன்று, ஊர் வழக்கு. வழக்கென்பதால் அதற்கு இழிவில்லை. ஓய்வும் வெதுவெதுப்பும் தாய்க்கு நலமே. (அவர்கள் ‘மஞ்சகானி’ எனப் போற்றுவது, நம் பாட்டிமார் பிள்ளைக்கு உரைத்துப் புகட்டிய மாசிக்காய்தான்!)

பிடான் எனப்படும் கிராமத்து மருத்துவச்சி தானே பறித்து, தானே இடித்து, இன்னவளுக்கு இவ்வளவு என அளந்து கொடுத்தாள். பிழை நேர்ந்தால் அவ்வீட்டு வாசலில் நின்று விடை சொல்லவேண்டியவளும் அவளே. இன்று பொட்டலம் விற்பவன் முகமறியாதவன். அட்டையில் திருப்பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. 1992 முதல் மரபு மருந்துகளும் மலேசிய அரசிடம் பதிவு பெறவேண்டும் என்பது விதி. பதிவற்ற ஜாமுப் பொடிகளில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. உண்ட மறுநாளே மூட்டுவலி பறந்ததென வியப்போர் இதனை அறிதல் வேண்டும். பினாங்கிலிருந்து நம் உறவினர் அன்போடு கொடுத்தனுப்பும் பொட்டலத்திலும் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண் உண்டா என்று, பிரிக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.